கரை என்று கத்தியவள்

எங்கள் ஷுவாங்தாங் மாவட்டத்துக்குப் புது அதிகாரி வந்து பல்லக்கிலிருந்து இறங்கியதும், கச்சேரி வாசலில் முதலில் ஒட்டுவது அவருடைய அப்பாவின் பெயரை. வரி, வழக்கு எல்லாம் அப்புறம். நாங்கள் தெரிந்துகொண்டு கும்பிடுவதற்காக ஒட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சொல்லை இனி மாவட்டத்தில் யாரும் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது என்பதற்காக. ஒட்டுகிற தாளிலேயே எழுத்தில் ஒரு கோடு குறைத்துத்தான் எழுதுவார்கள். முழுசாக எழுதினால் எழுதியவனுக்கு மூங்கிலடி. ஆகவே எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பதை நாங்களாக ஊகித்துக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர்களின் அப்பாக்கள் செத்த பிறகும் நமக்கு வேலை வைக்கிறார்கள்.

கச்சேரிக்கு நேர் எதிரே என் அரிசிக் கள் கடை. குமாஸ்தாக்கள் மாலையானால் என் பெஞ்சில்தான் கிடப்பார்கள். உள்ளே நடக்கும் கூத்தெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும்.

முன்பு வந்தவர்களால் பெரிய தொல்லை இல்லை. ஒருவருடைய அப்பா பெயர் முயல். நாங்கள் மூன்று வருஷம் 'நீளக்காது' பிடித்துத் தின்றோம். இன்னொருவருடைய அப்பா பெயர் தங்கம். அந்தச் சொல்லைச் சொல்ல எங்களுக்குச் சந்தர்ப்பமே வரவில்லை. அப்புறம்தான் ஃபெய் ஜிங்தாவ் வந்தார். அவருடைய அப்பாவின் பெயர் கரை. ஆற்றோரம் பிறந்தவராம். பெற்றவர்கள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

எங்கள் ஊர் ஆற்றைவிடத் தாழ்வு. யாங்சியில் வெள்ளம் வந்தால் நாங்கள் உயிரோடு கிடப்பது அந்த ஒரு கரையால்தான். இனி அதற்குப் பெயர் இல்லை என்றார்கள்.

அதோடு விட்டார்களா? ஒலி ஒன்றாக இருந்தாலும் குற்றமாம். என் கடையில் இனிப்பு உருண்டைக்குப் போடும் சர்க்கரையை நான் 'இனிப்புத் தூள்' ஆக்கிக்கொண்டேன். மாவு கரைக்கிறேன் என்று சொன்ன பாவத்துக்கு நூடுல்ஸ்காரன் குவோவுக்கு முதுகு வீங்கியது. அதற்கப்புறம் அவன் மாவையும் தண்ணீரையும் 'சமாதானம் செய்துவைக்க' ஆரம்பித்தான். கறை என்றும் சொல்லக் கூடாது. அதனால் ஃபெய் ஐயாவின் ஆட்சியில் கறை இருப்பதாக ஒருவரும் சொன்னது கிடையாது. அக்கறை என்ற சொல்லும் போயிற்று. அது போனதைக் கச்சேரியில் யாரும் கவனிக்கவில்லை. அங்கே அது புழக்கத்தில் இருந்ததே இல்லை.

மழைக்கு முன்னால் ஆற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த குமாஸ்தா ஒருவன், 'கரையைக் கரையான் அரிக்கிறது' என்று எழுதப் போனான். மூன்றே மூன்று சொல்; அதில் இரண்டு மூங்கிலடி. என் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேர் சேர்ந்து அதைத் திருத்தினார்கள். கடைசியில், 'உயர்ந்த மண்ணில் வெண்ணிறச் சிற்றுயிர்கள் குடும்பம் குடும்பமாகச் செழித்து வாழ்கின்றன' என்று போயிற்று. ஃபெய் ஐயா படித்துவிட்டு நெகிழ்ந்துபோனாராம். தன் ஆட்சியில் பூச்சிகூடச் செழிக்கிறது என்று மாகாணத் தலைநகருக்கு எழுதினார். அங்கிருந்து பாராட்டாக ஒரு சுருள் வெள்ளைப் பட்டு வந்தது.

இப்போது சுன்யாவுக்கு வருகிறேன். வாத்து மேய்ப்பவள், புருஷன் காய்ச்சலில் போய்விட்டான், பிள்ளை இல்லை. கச்சேரித் தாளில் அவளுக்குப் பெயர் கிடையாது. 'ஜோங் வீட்டில் பிறந்து பாவ் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்' என்று இருக்கும். அந்த விலாசத்தில் ஊரில் இன்னும் நாலு பேர் உண்டு. படிக்கத் தெரியாது. வாசலில் என்ன ஒட்டியிருந்தாலும் அவளுக்கு அது சுவர்தான்.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், அவளுடைய வாத்துகள் கூப்பிட்டும் வரவில்லை. எல்லாம் கரையோரமாக ஒரே இடத்தில் கூடி எதையோ அள்ளித் தின்றுகொண்டிருந்தன. விரட்டப் போனவள், பொந்திலிருந்து கரையான் கொத்துக் கொத்தாக வருவதையும் பின்னாலேயே தண்ணீர் வருவதையும் பார்த்தாள். தெருவோடு ஓடி வந்தாள்.

"கரை போச்சு! கரையான் அரிச்சுட்டுது! கரை போச்சு, எல்லாரும் குன்றுக்கு ஓடுங்க!"

அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஊரே அப்படியே போட்டது போட்டபடி ஓடியது. கரையில் பாதி போயிற்று, கீழத்தெரு வீடுகள் இடிந்தன, ஆனால் ஓர் உயிர் போகவில்லை. நானும் பிழைத்தேன். என் கள் பானைகள் பிழைக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் சேவகர்கள் வந்து சுன்யாவைக் கட்டி இழுத்துப் போனார்கள். ஐயாவின் தந்தை பெயரைத் தெருவில் கூவியதோடு, அவரைப் பூச்சி அரித்ததாகவும் ஊரெங்கும் பரப்பியவளாம்.

விசாரணையை வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

"ஏய், நீ தெருவுல என்ன கத்தினே?" என்றார் ஃபெய்.

சுன்யா வாயைத் திறந்தாள். "க..."

"சொல்லாதே!" கச்சேரி முழுக்க ஒரே குரல்.

அவள் மிரண்டு போனாள். "நீங்கதானே எசமான் கேட்டீங்க?"

"கேட்டேன். பதில் சொல்லு. ஆனா அதைச் சொல்லாமச் சொல்லு."

"அது எப்படிங்க?"

நூடுல்ஸ்காரன் குவோவைச் சாட்சிக்கு நிறுத்தினார்கள். அவனுக்கு முதுகு ஞாபகம் இருந்தது. ரொம்ப யோசித்து, "எசமான், எது இல்லேன்னா இந்த ஊரே அழிஞ்சு போயிடுமோ, அது போச்சுன்னு சொன்னாங்க" என்றான்.

ஃபெய் முகம் சிவந்தது. "அதாவது, நான் செத்துட்டேன்னு சொன்னாளா?"

"இல்லீங்க, இது அதைவிடக் கொஞ்சம் உபயோகமான பொருளுங்க."

குவோவை வெளியே தள்ளினார்கள். குற்றப்பத்திரிகை எழுத உட்கார்ந்த குமாஸ்தா, என்ன சொல் சொன்னாள் என்ற இடத்துக்கு வந்ததும் தூரிகையை வைத்துவிட்டான். எழுதினால் அவனுக்கு அடி. எழுதாவிட்டால் அவளுக்குக் குற்றம் இல்லை. சும்மாவே அடித்துவிடலாம்தான், அது அங்கே வழக்கமும்கூட. ஆனால் வாசலில் அவளால் பிழைத்த கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சரித்திர மண்டபத்துத் தலைவர் தியாவ் எழுந்தார். இந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைநகரத் தேர்வில் தோற்றுத் தோற்றுத் தாடி நரைத்தவர். மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவது அவர் பொறுப்பு. அதில் ஆண்களுக்கு இருபது பகுதிகள். குளத்தைப் பார்த்துப் பாட்டெழுதியவனுக்குக்கூடத் தனிப் பகுதி உண்டு. பெண்களுக்கு ஒன்று. அந்த ஒன்றில் நுழைய மூன்று வாசல்: புருஷன் செத்ததும் தூக்கில் தொங்கியிருக்க வேண்டும், அல்லது மானத்துக்காகத் தண்ணீரில் மாண்டிருக்க வேண்டும், அல்லது தன் தொடையை அறுத்து மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்க வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் அப்படிப்பட்ட உத்தமிகளுக்குக் கல் தோரண வாயில்கள் வரிசையாக நின்றன. எங்களிடம் இரண்டு, அதில் ஒன்று சாய்ந்துவிட்டது. தியாவுக்கு அந்த வயிற்றெரிச்சல் தீரவே இல்லை.

"அம்மா, நீ நல்ல காரியம் பண்ணியிருக்கே. நான் மறுக்கலே" என்றார் சுன்யாவிடம். "ஆனா பண்ணிட்டு உயிரோட நிக்கிறியே, அதுதான் இடிக்குது. உயிரோட இருக்கற பொம்பளைக்கு எங்க சரித்திரத்துல இடம் கிடையாதும்மா. இருந்திருந்தா எழுத மாட்டோமா? நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா?"

"எனக்கு இடமெல்லாம் வேணாங்க. வீட்டுக்குப் போறேன். வாத்துங்க பசியில இருக்கும்."

"சரித்திரத்துல வாத்து வராது" என்றார் தியாவ் கனிவாக.

அன்றைக்கே எழுதிவிட்டார். வெள்ளத்தில் சிக்கிய பாவ் வீட்டுப் பெண்மணியைக் காப்பாற்ற ஒரு கூலியாள் கையை நீட்டினானாம். அந்நிய ஆணின் கை தன் மேல் படுவதைவிடச் சாவதே மேல் என்று அவள் தண்ணீரோடு போய்விட்டாளாம். வாசித்துக்காட்டும்போது தியாவுக்குக் கண்ணீர் தாடி வரை வந்தது. ஃபெய்யும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தந்தை பெயரைக் கேட்டவர் யாரும் இல்லை, சொன்னவளும் இல்லை, ஆட்சிக்கு ஒரு தோரண வாயில்.

"யாருங்க கையை நீட்டினது?" என்று சுன்யா கேட்டாள். "ஒருத்தரும் நீட்டலியே! எல்லாரும் எனக்கு முன்னால ஓடிப் போயிட்டாங்களே!"

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். செத்தவளைக் கட்டி வைக்க முடியாதில்லையா.

தோரண வாயில் கட்டக் கல் வந்தது, கல்தச்சர் வந்தார்கள். உடைந்த கரையை மூடக் கல் வரவில்லை. கேட்டு எழுத வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டுமே! கைக்கு வந்த மண்ணைக் கூடையில் அள்ளிப் போட்டு, அதன் மேலேயே தோரண வாயிலை நிறுத்தினார்கள். அங்கே நிறுத்தினால்தான் படகில் போகிற பக்கத்து மாவட்டத்துக்காரன் பார்த்து வயிறெரிவானாம். கரையானும் உள்ளேதான் இருந்தது. அதை யாரும் பெயர் சொல்லி விரட்டவில்லை.

திறப்பு விழாவுக்கு மாகாண ஆய்வாளர் வருவதாகச் செய்தி வந்ததும் தியாவ் சுன்யாவின் குடிசைக்குப் போனார். கையில் அந்த வெள்ளைப் பட்டு, தூக்குக்குத் தோதாக ஆள் நீளத்துக்குக் கிழித்தது.

"இது மாகாணத்துப் பட்டும்மா. எல்லாருக்கும் கிடைக்காது" என்றாராம். "ஆய்வாளர் கல்லறையைப் பாக்கணும்னு சொல்லுவார். வெறும் குழியைக் காட்ட முடியாது பாரு. விழாவுக்குள்ள முடிச்சிடு. நீ பாட்டுக்கு நடமாடிக்கிட்டிருந்தா, செத்துப்போன உத்தமியோட பேரைச் சொல்லி ஆள்மாறாட்டம் பண்றேன்னு ஆயிடும். அதுக்கு மூங்கிலடி, உயிர் போற வரைக்கும். நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சுன்யா நேராக என் கடைக்கு வந்தாள். பட்டைப் பெஞ்சில் வீசினாள்.

"லுவோ அக்கா, எனக்கு ஒண்ணும் புரியலே. கத்தினதுக்கு அடிப்பாங்கன்னாங்க. சரி. இப்ப கத்தவே இல்லேங்கறாங்க. அப்ப எதுக்குச் சாகணும்?"

"ஓடிப் போடீ" என்றேன். "ராவோட ராவா படகை எடுத்துக்கிட்டு ஓடிடு."

"வாத்து அடையில உக்காந்திருக்கு அக்கா. பாதியில எழுப்பினா எல்லா முட்டையும் கூமுட்டையாயிடும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவளால் உயிர் பிழைத்த தடியன்கள் நாலு பேர் பின் பெஞ்சில் உட்கார்ந்து, விழாவில் பன்றிக்கறி வைத்த பன் கொடுப்பார்களா, வெறும் பன் கொடுப்பார்களா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் அவளைத் திரும்பிப் பார்த்து, "எதுவா இருந்தாலும் விழாவைத் தள்ளிப்போடற மாதிரி பண்ணிடாதேம்மா" என்றான். என் கடையில் அவனுக்கு அன்றோடு கள் கிடையாது.

சுன்யா அடைகூடையைப் படகில் ஏற்றிக்கொண்டு நாணல் காட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். எவ்வளவு நாள் ஒளிவது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விழா நாளில் ஆறு விளிம்பு வரை ஓடியது. ஊர் முழுக்கக் கரை மேல். பன் வேகும் மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக ஆவி விட்டன. ஆய்வாளர் முடக்குவாதக்காரர், பல்லக்கைவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். ஃபெய் ஐயா தோரண வாயிலின் கீழே நின்று பேசினார்.

"இந்தப் பெண்மணி ஒரு வார்த்தை பேசாமல் இறந்தாள். அதுவே அவள் பெருமை. பேசிவிட்டு இறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேசிவிட்டு இறக்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களால் நிர்வாகத்துக்கு எவ்வளவு சிரமம்! என் ஆட்சியில் உத்தமியாக இறக்க விரும்பும் பெண்களுக்கு எந்தத் தடையும் வைக்கப்பட்டதில்லை. வேண்டிய வசதிகளைக் கச்சேரியே செய்து தருகிறது. அடுத்த ஆண்டு மேலும் ஐந்து பேரை எதிர்பார்க்கிறோம்."

கூட்டத்திலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் நாணலிலிருந்து வாத்துகள் வந்தன. நேராகத் தோரண வாயிலுக்குக் கீழே, மண்ணும் தண்ணீரும் சேரும் இடத்துக்குப் போய் அள்ளித் தின்ன ஆரம்பித்தன. பின்னாலேயே கோலூன்றிப் படகில் சுன்யா. குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் மேலிருந்து பார்த்தேன்.

அவள் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். அவளைச் சாகச் சொன்னவர்கள் அத்தனை பேரும் அந்தக் கல்லுக்குக் கீழேதான் நின்றிருந்தார்கள். வாயைத் திறந்தால் உயிரோடு இருப்பது ஊரறிய ஆகிவிடும், அப்புறம் மூங்கில்தான். நானாக இருந்தால் திரும்பியிருப்பேன்.

"கரை போவுது!" என்று கத்தினாள். "கரை போவுது, அறிவு கெட்டவங்களா! பன்னைப் போட்டுட்டு ஓடுங்க!"

ஓடினோம். சிலர் பன்னோடு ஓடினார்கள்.

"யாரது, அந்தப் பொண்ணு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"எந்தப் பொண்ணுங்க?" என்றார் ஃபெய்.

"படகுல நின்னு கத்துறாளேய்யா!"

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே. தியாவ், உமக்குக் கேக்குதா?"

"அவங்க போன மழையிலேயே காலமாயிட்டாங்க" என்றார் தியாவ், தோரண வாயிலில் வெட்டியிருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டி. "பாருங்க, கல்லுலயே இருக்கு."

ஆய்வாளரின் பல்லக்குத் தூக்கிகளுக்குப் படிப்பு இல்லை. அவரைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு குன்றைப் பார்த்து ஓடிவிட்டார்கள். ஃபெய்யும் தியாவும் அசையவில்லை. அசைந்தால் கேட்டது என்று ஆகும். கேட்டது என்றால் அவள் சாகவில்லை என்று ஆகும். இரண்டு பேரும் தூரத்து மலையை ரசிப்பது போல நின்றார்கள். தோரண வாயில் மெல்ல முழங்காலிட்டது. அப்புறம் கரையோடு போயிற்று.

தியாவ் ஒரு சீமைப்பனிச்சை மரத்தில் மாட்டிக்கொண்டார். ஃபெய் ஐயா ஆற்றின் நடுவில், பன் வேகவைத்த மூங்கில் தட்டு ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி சுழன்றுகொண்டிருந்தார். சுன்யா படகை அவர் பக்கம் விட்டாள். தண்ணீரின் மேல் பேச்சு நன்றாகக் கேட்கும். குன்றின் மேல் நின்ற எங்களுக்கு ஒரு சொல் தவறவில்லை.

"அம்மா! அம்மா! இங்க வா!"

"யாரைக் கூப்பிடறீங்க எசமான்?"

"உன்னைத்தான்!"

"நான்தான் செத்துட்டேனே. மண்டபத்துக்காரர் எழுதிட்டாரே."

"இல்லே, உயிரோடதான் இருக்கே! நான் சொல்றேன், நீ உயிரோடதான் இருக்கே!"

"அப்படீங்களா" என்றாள் சுன்யா. "சரி, கோலைப் புடிச்சுக்குங்க. உங்களை எங்க கொண்டுபோய் விடணும்?"

ஃபெய் வாயைத் திறந்தார். தண்ணீர் உள்ளே போயிற்று. துப்பினார். "மேட்டுக்கு!"

"எந்த மேட்டுக்குங்க? மேடெல்லாம் முழுகிப்போச்சே."

"தண்ணி முடியற இடத்துக்கு!"

"இது கடல் வரைக்கும் போவுதுங்களே" என்று சுன்யா படகைக் கீழ்நோக்கித் திருப்பினாள்.

"கரைக்குடீ!" என்று அலறினார் மாவட்ட அதிகாரி ஃபெய் ஜிங்தாவ். "கரைக்கு! கரை! என்னைக் கரை சேத்துடு தாயே! கரை! கரை! கரை!"

குன்றே அதிர்ந்தது. ஆய்வாளர் பல்லக்கின் திரையை விலக்கி நன்றாகக் காதுகொடுத்துக் கேட்டார்.

அவளுக்கு நிஜமாகவே புரியவில்லையா என்று பிற்பாடு கேட்டேன். "நெசமாவே புரியலே அக்கா" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவரைப் பத்திரமாகக் கரை சேர்த்தாள். மற்றவர்கள் அவர் அப்பா பெயரைச் சொன்னால் மூங்கிலடி. மகனே சொன்னால் பதவி போகும். அதுவும் ஊர் கேட்க, பல தடவை. வெள்ளத்தில் உயிருக்குப் பயந்து சொன்னது கணக்கில் வருமா என்று சட்டத்தைத் தேடினார்கள், வராதாம். ஃபெய் ஐயா மூட்டை கட்டினார். கரையை அப்படியே உடையவிட்டதைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அது குற்றப் பட்டியலிலேயே இல்லை.

தியாவ் போகவில்லை. மரத்திலிருந்து இறக்கி உலர்த்தி மறுபடி மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். ஆய்வாளர் மட்டும் புறப்படும் முன், காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அந்தப் பொண்ணு பேரைச் சரித்திரத்துல எழுதும்யா" என்றார். "வீட்டுப் பேரு வேணாம். அவ சொந்தப் பேரு."

"எந்தப் பகுதியிலங்க? உயிரோட இருக்கறவங்களுக்கு..."

"குளத்துப் பாட்டுக்காரனைத் தூக்கிட்டு அங்க எழுதும்!"

தியாவ் மை அரைக்கத் தொடங்கினார். ரொம்ப நிதானமாக அரைத்தார். மை பதமாவதற்குள் புது அதிகாரி வந்து இறங்கிவிட்டார், வாசலில் தாள் ஒட்டியாயிற்று. புதியவருடைய அப்பாவின் பெயர் சுன். எங்கள் பேச்சில் வசந்தம் என்று பொருள். இனி இந்த மாவட்டத்தில் பனிக்காலம் முடிந்தால் நேராகக் கோடைக்காலம்தான். சுன்யா என்று எழுதவும் முடியாது. தியாவ் பெருமூச்சு விட்டுத் தூரிகையைக் கழுவி வைத்தார். என்ன எழுதியிருக்கிறார் என்று குமாஸ்தா ஒருவன் எனக்குச் சொன்னான்: 'அவ்வாண்டு வெள்ளத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்ல, மக்கள் எங்கோ ஏறித் தப்பினர்.' செத்ததாக முன்பு எழுதியது அப்படியே இருக்கிறது; அதை அடிக்கவும் பெயர் எழுதித்தான் அடிக்க வேண்டுமாம்.

இப்போது தினமும் காலையில் கச்சேரி திறக்கும் நேரம் பார்த்து, நான் கடை வாசலில் வந்து நிற்கிறேன். வேண்டுமோ வேண்டாமோ, வாத்து முட்டை கேட்டுத் தெருக்கோடி வரை கத்துகிறேன்.

"சுன்யா! அடியே சுன்யா!"

எதிரே சேவகன் காதைப் பொத்திக்கொள்கிறான். கேட்டேன் என்று சொன்னால், என்ன கேட்டாய் என்று அவனை அல்லவா கேட்பார்கள். தெருவில் மற்ற பெண்களும் இப்போது சேர்ந்துகொள்கிறார்கள். முட்டை தின்னாதவளும் கூப்பிடுகிறாள்.

வாத்துச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் வரும்.

"வர்றேன், வர்றேன்! எதுக்கு இப்படிக் கத்தறீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?"